மூன்று காய்களில் சதுரங்கம்: ஆட்டத்தின் ருசி பிடிபட ஒரு வழி

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், 55ஆவது நகர்த்தலில் சீனாவின் டிங் லிரன் தன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதை வெட்டினார், டிங் ராஜாவால் திருப்பி வெட்டினார். அடுத்து குகேஷ் தன் மந்திரியை டி5-க்குக் கொண்டுவந்து நிறுத்தினார். டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் முடங்கிக் கிடந்ததால், மந்திரிக்கு மந்திரி என்ற மாற்று வெட்டிலிருந்து அதற்குத் தப்ப வழியில்லை. மிஞ்சியவை இரண்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 58ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ராஜா–சிப்பாய் முடிவாட்டம் தெரிந்தவர்கள் எஃப்2-இல் யானை இறங்கியதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தெரியாதவர்களுக்கு இருவரும் கைகுலுக்கியது மட்டும்தான் தெரிந்தது. சதுரங்கத்தை இவ்வளவு பேர் ஏன் ரசிக்கிறார்கள் என்பதற்கான விடை இந்த இடைவெளியில் இருக்கிறது. நடக்கப்போவதைக் கடைசிக் கட்டம் வரை மனதுக்குள் பார்த்துவிட்டு, அது அப்படியே நடப்பதைக் காண்பதில் ஒரு சுகம் உண்டு. 32 காய்களை வைத்துக்கொண்டு தொடங்கும் புதியவருக்கு அது லேசில் கிடைக்காது, அதனால்தான் பலர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். மூன்று காய்களோடு தொடங்கினால் ஒரே மாலையில் கிடைத்துவிடும். அதற்கான வழிதான் இது.

தேவையானவை

ஒரு பலகை, இரண்டு ராஜா, இரண்டு சிப்பாய். உங்கள் வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் வரும்படி பலகையை வையுங்கள். வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எட்டு வரிசைகள். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. கட்டத்தின் பெயர் தடுமாறாமல் வரும்வரை வாய்விட்டுச் சொல்லியே நகர்த்துங்கள். கைப்பேசித் திரையைவிட நிஜப் பலகை மேல். திரை தவறான நகர்த்தலை அதுவாகவே தடுத்துவிடும், நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடும்.

முதல் பாடம்: சதுரம்

வெள்ளைச் சிப்பாய் எச்4-இல், கறுப்பு ராஜா சி5-இல். வெள்ளை ராஜாவை எட்டாத தூரத்தில், ஏ1-இல் வையுங்கள். சிப்பாய் ஓடினால் ராஜா பிடித்துவிடுமா?

ஒவ்வொரு நகர்த்தலாக எண்ணத் தேவையில்லை. சிப்பாய் நிற்கும் எச்4, அது ராணியாகும் எச்8, டி8, டி4 ஆகிய நான்கையும் மூலைகளாகக் கொண்டு ஒரு சதுரத்தை மனதில் வரையுங்கள். கறுப்பின் முறையாக இருந்து, ராஜா அந்தச் சதுரத்துக்குள் கால் வைத்துவிட்டால் சிப்பாய் அகப்படும். இங்கே ராஜா டி5-க்கு வந்துவிடுகிறது, அதனால் டிரா. வெள்ளையின் முறையென்றால் சிப்பாய் எச்5-க்குப் போகும், சதுரமும் சுருங்கிவிடும், ராஜா வெளியே நின்றுவிடும்.

வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சிப்பாய் இன்னும் இரண்டாவது வரிசையிலேயே நின்றால், முதல் தாவலில் இரண்டு கட்டம் போகும். ஆகவே மூன்றாவது வரிசையில் நிற்பதாக எண்ணிக்கொண்டு சதுரத்தை வரையுங்கள்.

இரண்டாம் பாடம்: ஆப்போசிஷன்

நேரத்தை அதிகம் செலவிட வேண்டியது இதில்தான். வெள்ளை ராஜா இ4, சிப்பாய் இ3. கறுப்பு ராஜா இ6. ராஜாக்கள் நேருக்கு நேர், நடுவில் ஒரு கட்டம்: இதுதான் ஆப்போசிஷன். இந்த நிலையில் நகர வேண்டியவருக்குத்தான் நஷ்டம்.

கறுப்பின் முறை என்றால் (எண்ணை அடுத்து வருவது வெள்ளையின் நகர்த்தல், அதன் பின் கறுப்பின் பதில்): கறுப்பு ராஜா டி6. 2. ராஜா எஃப்5, ராஜா இ7. 3. ராஜா இ5, ராஜா டி7. 4. ராஜா எஃப்6, ராஜா இ8. 5. ராஜா இ6. கறுப்பு எந்தப் பக்கம் விலகினாலும் வெள்ளை மறுபக்கமாக நுழைகிறது. இந்த ஐந்து நகர்த்தல்களிலும் சிப்பாய் அசையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சிப்பாய்க்கு முன்னால் ஆறாவது வரிசையை ராஜா பிடித்துவிட்டால், யாருடைய முறையாக இருந்தாலும் வெற்றிதான். ஏ, எச் வரிசைச் சிப்பாய்கள் மட்டும் இதற்கு விலக்கு.

அதே நிலை, வெள்ளையின் முறை: 1. ராஜா டி4, ராஜா டி6. 2. சிப்பாய் இ4, ராஜா இ6. 3. சிப்பாய் இ5, ராஜா இ7. 4. ராஜா டி5, ராஜா டி7. 5. சிப்பாய் இ6, செக், ராஜா இ7. 6. ராஜா இ5. இங்கே கறுப்பு நேராகப் பின்வாங்க வேண்டும்: ராஜா இ8. 7. ராஜா டி6, ராஜா டி8. 8. சிப்பாய் இ7, செக், ராஜா இ8. 9. ராஜா இ6, ஸ்டேல்மேட்: கறுப்புக்குச் செக் இல்லை, நகரவும் இடமில்லை, ஆட்டம் டிரா. ஆறாவது நகர்த்தலில் கறுப்பு அவசரப்பட்டு டி8-க்கோ எஃப்8-க்கோ போனால் வெள்ளை ராஜா எதிரே வந்து நின்று ஜெயித்துவிடும். எடுத்துக்காட்டாக, ராஜா டி8 என்றால் 7. ராஜா டி6, ராஜா இ8. 8. சிப்பாய் இ7, ராஜா எஃப்7. 9. ராஜா டி7, அடுத்து ராணி. இந்த ஒரு கட்ட வித்தியாசத்தைப் பலகையில் இரண்டு விதமாகவும் ஆடிப் பாருங்கள்.

இப்போது சிப்பாயை இ3-இலிருந்து இ2-க்கு இறக்குங்கள். வெள்ளையின் முறை. 1. சிப்பாய் இ3! அவ்வளவுதான், முறை கறுப்பின் தலையில் விழுந்துவிட்டது, வெள்ளைக்கு வெற்றி. கையில் மிச்சம் வைத்திருந்த ஒரு கட்டம்தான் காப்பாற்றியது. புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை முதலிலேயே சிப்பாயைத் தள்ளுவது. ராஜா முன்னால் போக வேண்டும், சிப்பாய் பின்னால் வர வேண்டும்.

ஏ, எச் வரிசைகளில் இதெல்லாம் பலிக்காது. கறுப்பு ராஜா மூலையைப் பிடித்துவிட்டால் டிராதான். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் ஏ6, கறுப்பு ராஜா பி8 என்று வைத்துப் பாருங்கள்: சிப்பாய் ஏ7, செக், ராஜா ஏ8. இனி ராஜா ஏ6 என்றால் ஸ்டேல்மேட், வேறெங்கே போனாலும் சிப்பாய் பறிபோகும்.

ராணி கிடைத்த பிறகும் கோட்டைவிடுபவர்கள் உண்டு. எதிரி ராஜா மட்டும் தனியாக ஏ8 மூலையில் நிற்கும்போது ராணியை பி6-இலோ சி7-இலோ வைத்தால் அதற்கு நகர இடமே இருக்காது, செக்கும் இருக்காது. உழைப்பெல்லாம் டிரா. மூலையிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை வைக்காதீர்கள்.

மூன்றாம் பாடம்: ரெட்டியின் புதிர்

செக்கோஸ்லோவாக்கியச் சதுரங்க வீரர் ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் வெளியிட்ட நிலை இது. வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை நகர்த்தி டிரா செய்ய வேண்டும்.

சதுர விதிப்படி பார்த்தால் வெள்ளைக்குக் கதை முடிந்தது. கறுப்புச் சிப்பாயை எட்ட இரண்டு கட்டம் குறைகிறது, தன் சிப்பாயையோ கறுப்பு ராஜா எப்போது வேண்டுமானாலும் தின்றுவிடும். விடையைப் படிக்காமல் குறைந்தது பதினைந்து நிமிடம் முட்டிப் பாருங்கள்.

விடை: 1. ராஜா ஜி7, சிப்பாய் எச்4. 2. ராஜா எஃப்6, ராஜா பி6. 3. ராஜா இ5! இப்போது கறுப்பு சி6-ஐ வெட்டினால் 4. ராஜா எஃப்4, சதுரத்துக்குள் வந்தாயிற்று, சிப்பாய் அகப்பட்டது. வெட்டாமல் சிப்பாய் எச்3 என்றால் 4. ராஜா டி6, சிப்பாய் எச்2. 5. சிப்பாய் சி7, ராஜா பி7. 6. ராஜா டி7, இருவருக்கும் ராணி. இரண்டாவது நகர்த்தலிலேயே கறுப்பு எச்3 என்று ஓடினாலும் ராஜா இ7, முடிவு அதேதான். குறுக்காகப் போகும் ராஜா ஒரே நடையில் இரண்டு திசையிலும் நெருங்குகிறது. நேராக நடந்தாலும் சாய்வாக நடந்தாலும் ராஜாவுக்கு எண்ணிக்கை ஒன்றுதான் என்பதைக் கண் நம்ப மறுக்கிறது, புதிரின் வேடிக்கை முழுவதும் அதில்தான். பலகையில் நான்கே காய்கள்!

பயிற்சி

இரண்டு பேர் இருந்தால் இரண்டாம் பாடத்தின் நிலையை (வெள்ளை ராஜா இ4, சிப்பாய் இ2, கறுப்பு ராஜா இ6) வைத்து ஆளுக்கு மூன்று நிமிடக் கடிகாரத்தில் ஆடுங்கள், பிறகு நிறம் மாற்றுங்கள். தனியாக இருந்தால் லைச்செஸ் என்ற சதுரங்க இணையதளத்தின் பலகைத் தொகுப்பானில் நிலையை அமைத்து, கணினியோடு ஆடலாம். ஏழு அல்லது அதற்கும் குறைவான காய்கள் உள்ள நிலைகளுக்கு, ஒவ்வொரு நகர்த்தலும் வெற்றியா டிராவா தோல்வியா என்று அலசல் பக்கம் சந்தேகமில்லாமல் சொல்லும். ஆனால் முதலில் உங்கள் விடையைத் தாளில் எழுதிவிட்டு அதைத் திறங்கள். முன்பே திறந்தால் படித்தது தலையில் தங்காது.

முழு ஆட்டத்தில் இதைப் பயன்படுத்தும் தருணம் கடைசிக் காய்களை மாற்று வெட்டும்போது வரும். வெட்டும் முன் அந்த இரண்டு காய்களையும் மனதில் அகற்றுங்கள். ராஜாக்கள் எங்கே, முறை யாருடையது, கையில் மிச்சக் கட்டம் யாருக்கு இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் வெட்டாதீர்கள். ஆட்டத்துக்கு ஆளுக்குப் பத்து நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக ஐந்து விநாடியும் வைத்தால் இதை யோசிக்க அவகாசம் இருக்கும். முழு ஆட்டத்தையே மூன்று நிமிடத்தில் ஆடினால் கைதான் வேலை செய்யும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சிப்பாய்ப் போர் ஆடுங்கள். இரு தரப்புக்கும் ராஜாவும் எட்டுச் சிப்பாய்களும் வழக்கமான இடத்தில். வெட்டுப்படாமல் முதலில் ராணி எடுப்பவர் ஜெயித்தார். சண்டை வருவது பெரும்பாலும் ஆன் பஸான் விதியில்தான்: இரண்டு கட்டம் தாவி எதிரிச் சிப்பாயின் பக்கத்தில் வந்து நிற்கும் சிப்பாயை, ஒரே கட்டம் வந்ததாகக் கொண்டு வெட்டலாம், அதுவும் உடனடி அடுத்த நகர்த்தலில் மட்டும். தொடங்கும் முன்பே பலகையில் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.