மாதவிடாய் நின்றபின் எலும்பைக் காத்தல்: ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரை வாங்கும் முன்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கென மருந்துக் கடைகளில் விற்கப்படும் எலும்பு மாத்திரைகள் பலவற்றில் இப்போது கால்சியத்தோடு வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம் போன்ற ஆன்டிஆக்சிடென்ட்களும், அதாவது தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் பொருள்களும், சேர்க்கப்படுகின்றன. இதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சினைப்பைகள் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை எலும்பு மஜ்ஜையில் குளுட்டாதயோன் போன்ற காப்புப் பொருள்கள் போதிய அளவில் இருக்கின்றன. மாதவிடாய் நின்று அந்த ஹார்மோன் குறையும்போது அவையும் குறைந்து, தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. 2003இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், சினைப்பை அகற்றப்பட்ட எலி இனங்களுக்கு அசிட்டைல்சிஸ்டின் என்னும் ஆன்டிஆக்சிடென்டையோ வைட்டமின் சியையோ கொடுத்தபோது எலும்பு இழப்பு தடுக்கப்பட்டது.

ஆனால் எலிகள் வைட்டமின் சியைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்பவை. மனிதர்களால் அது இயலாது. இத்தகைய மாத்திரைகளால் பெண்களுக்கு எலும்பு முறிவு குறைகிறது என்பதும் இதுவரை நிறுவப்படவில்லை. ஆகவே மாத்திரையைக் கடைசியில் வைத்து, கீழ்க்காணும் வரிசையில் செல்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

முதலில், உங்கள் ஈஸ்ட்ரோஜன் எப்போது குறைந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில்தான் எலும்பு மிக வேகமாகக் கரைகிறது. இயல்பாக நின்றவர்களுக்கு ஆண்டு நினைவிருக்கும். கருப்பை அகற்றும் அறுவை செய்துகொண்டவர்களிடம்தான் குழப்பம். "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்று சொல்லும் பெண்களில் பலருக்குச் சினைப்பைகளும் எடுக்கப்பட்டனவா என்பது தெரிவதில்லை, யாரும் அவர்களிடம் விளக்கியதும் இல்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். 45 வயதுக்கு முன்பே இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டிருந்தால், மார்பகப் புற்றுநோய் போன்ற தடைகள் இல்லாதபோது, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையேனும் ஹார்மோன் சிகிச்சை எடுப்பது பற்றி அவரிடம் பேச வேண்டும். இழந்தது ஈஸ்ட்ரோஜன் என்னும்போது அதன் இடத்தை வைட்டமின் மாத்திரையால் நிரப்ப முடியாது.

அடுத்து எலும்பின் அடர்த்தியை அளந்துகொள்ளுங்கள். இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுக்கப்படும் டெக்ஸா ஸ்கேனே இதற்குரிய பரிசோதனை. அதில் டி ஸ்கோர், அதாவது உங்கள் எலும்பின் அடர்த்தியை இளம் வயதினருடையதோடு ஒப்பிடும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய். முகாம்களில் குதிகாலை மட்டும் வைத்துப் பார்க்கும் கருவியைக் கொண்டு நோயை உறுதிசெய்யக் கூடாது. இரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதும் எலும்பு வலுவாக இருப்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் இரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடல் எலும்பிலிருந்தே எடுத்து ஈடுசெய்துவிடும். மூட்டுத் தேய்மானமும் எலும்புப்புரையும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். நம் பேச்சில் இரண்டையுமே "தேய்மானம்" என்று சொல்வதால் மூட்டு வலிக்கான மருந்தை எலும்புக்கான மருந்து என்று நம்பிவிடுகிறவர்கள் உண்டு.

உணவைப் பொறுத்தவரை, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும், 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராமும் இருக்கின்றன. ஆன்டிஆக்சிடென்ட்களுக்கும் சமையலறையே போதும்: ஒரு பெரிய நெல்லிக்காயோ நடுத்தரக் கொய்யாப்பழமோ ஒரு நாள் வைட்டமின் சி தேவையை நிறைவு செய்துவிடும். வெப்பத்தில் வைட்டமின் சி அழிவதால் நெல்லிக்காயை வேகவைக்காமல் உண்பது நல்லது. தினமும் நடையும், மருத்துவர் அனுமதித்தால் எடை தூக்கும் பயிற்சியும் சேர வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் மாத்திரை வாங்குவதானால் அட்டையை நிதானமாகப் படியுங்கள். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றிருந்தால் அதிலுள்ள கால்சியம் 500 மில்லிகிராம் மட்டுமே. அதை உணவோடு உட்கொள்ள வேண்டும். ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ அதிகமுள்ள மாத்திரையைத் தவிருங்கள்: எலும்பைக் காக்கவென்று விழுங்கும் அதுவே அளவு மீறினால் இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பைக் கூட்டக்கூடும். புகைப்பிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை ஆகாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் வைட்டமின் ஈயை அதிக அளவில் உட்கொண்டால் இரத்தக் கசிவு ஏற்படலாம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

எலும்புப்புரை உறுதியாகி மருத்துவர் அலென்ட்ரோனேட் போன்ற மருந்தை எழுதித் தந்திருந்தால், ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரையை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு அதை விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். கால்சியத்தை அதன் பிறகே எடுக்க வேண்டும். மறு ஸ்கேனை மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில், இயன்றவரை அதே கருவியிலேயே எடுத்து, பழைய அறிக்கையையும் உடன் கொண்டு செல்லுங்கள். கருவி மாறினால் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடுவது கடினம்.