தலை சுற்றினால் செய்யக் கூடாதவை

படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுகிறது, ஒரு நிமிடத்துக்குள் நின்றும்விடுகிறது. இதைச் சொன்னால் கோபி, பவானிப் பக்கம் உடனே வரும் பதில், "பித்தமுங்க." இஞ்சிச் சாறு குடிப்பார்கள், அடங்காவிட்டால் ஒரு பாட்டில் குளுக்கோஸ். அப்புறம் கழுத்து எக்ஸ்ரே. வயதானவர் கழுத்தைப் படம் எடுத்தால் தேய்மானம் தெரியத்தான் செய்யும். பழியை அதன்மேல் போட்டுக் கழுத்துப் பட்டையும் மாட்டிவிடுவார்கள்.

இப்படிப் புரளும்போது மட்டும் சுற்றுவதற்குப் பெரும்பாலும் உள்காதுதான் காரணம். அங்கிருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி, தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகின்றன. 1952இல் வந்த டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில், தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென மல்லாக்கப் படுக்கவைத்து, விழி துடிப்பதை மருத்துவர் பார்ப்பார். அறிகுறி தெளிவாக இருந்தால் ஸ்கேன் வேண்டியதில்லை. துகள்களைப் பழைய இடத்துக்கு உருட்டிவிட, தலையைப் படிப்படியாகத் திருப்பும் எப்லி முறை இருக்கிறது. பலருக்கு ஓரிரு முறையில் சரியாகிவிடும். எந்தக் காது என்றே தெரியாமல் யூடியூப் பார்த்துச் செய்தால் பலன் இருக்காது.

மருத்துவரிடம் "தலை சுத்துது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எவ்வளவு நேரம், எதைச் செய்யும்போது, காதில் என்ன மாற்றம் என்பதையும் சொல்லுங்கள். சுற்றல் 20 நிமிடம் முதல் சில மணி நேரம் நீடித்து, காது அடைத்து இரைந்து, கேட்பதும் மங்கினால் மெனியர் என்ற உள்காது நோயாக இருக்கலாம். சோமனூர், பல்லடம் பக்கம் இரைச்சலைத் தறிச் சத்தத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தறி காதைக் கெடுக்கும்தான். ஆனால் இரைச்சலோடு சுற்றலும் சேர்ந்தால் செவித்திறன் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் மரப்பு, நிற்கவே முடியாத தள்ளாட்டம் இவற்றில் ஒன்று கூட வந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108.

எனக்கு மிகவும் உறுத்துவது, மாதக்கணக்கில் விழுங்கும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின் மாத்திரைகள். வாந்தியும் சுற்றலும் கடுமையான முதல் சில நாளுக்கு அவை உதவும். உள்காது நரம்பு அழற்சியில் ஒரு பக்கக் காதின் சமநிலை உணர்வு பலவீனமானால், மூளை அதைப் புதிதாகப் பழகி ஈடுகட்ட வேண்டும். மாத்திரையைத் தொடர்ந்தால் அந்தப் பழக்கம் தாமதமாகும். வயதானவருக்குத் தூக்கக் கலக்கமும் விழும் ஆபத்தும் கூடும். தலையை அசைக்காமல் விறைப்பாக நடமாடுவதும் அதே கெடுதல்தான். கட்டைவிரலை நீட்டி, பார்வையை அதில் நிறுத்தித் தலையை இடவலமாக ஆட்டும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். செய்யும்போது லேசாகக் கிறுகிறுக்கும். பயந்து விட்டுவிடுகிறவர்களே அதிகம்; சற்று நேரத்தில் அடங்கினால் தொடரலாம்.

முழுதாகத் தெளியும்வரை தென்னை ஏறுவதோ பைக் ஓட்டுவதோ வேண்டாம். கிணற்றில் நீச்சலும் கூடாது: தண்ணீருக்குள் சுற்றல் வந்தால் மேல் எது, கீழ் எது என்றே தெரியாது.