ரயில் பாதை மாறும்போது: டிக்கெட் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்கள்தான் அதிகம் வருவார்கள். தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் ஒரே மாதிரி தடுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெயரில் எழுத்துப்பிழை, தேதி மாற்றிப் போடுவது எல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். பாதை மாற்றத்திலும் பிரியும் பெட்டிகளிலும் செய்கிற தவறுகள் அப்படிச் சரியாவதில்லை.

டிக்கெட்டில் பயணியின் போன் நம்பரை விட்டுவிட்டுத் தன் நம்பரைப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

கோவை ஜங்ஷன் கேரளா–ஈரோடு நேர்பாதையில் இல்லை. 1862இல் சென்னையிலிருந்து கேரளாவின் பேப்பூர் வரை போட்ட பாதை இருகூரிலிருந்து நேராகப் போத்தனூருக்குத்தான் போனது. கோவை ஊருக்குள் ரயில் வந்தது அதற்கப்புறம். அந்த நேர்பாதை இன்றும் ஓட்டத்தில் இருக்கிறது. கோவைப் பக்கம் தண்டவாள வேலை வந்தால் கேரளாவிலிருந்து ஈரோடு போகும் சில ரயில்களை அதில் திருப்பிவிடுவார்கள். ஆலப்புழை–தன்பாத், எர்ணாகுளம்–பெங்களூரு இன்டர்சிட்டி இரண்டுக்கும் இது பலமுறை நடந்திருக்கிறது. அன்றைக்கு ரயில் கோவை ஜங்ஷனைத் தொடாது, பதிலுக்குப் போத்தனூரில் நிற்கும். திருப்பூரில் ஏறுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கோவையில் ஏறுகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

இப்போது 60 நாள் முன்பே டிக்கெட் எடுத்துவிடுகிறோம். பாதை மாற்ற அறிவிப்போ கடைசிச் சில நாட்களில்தான் வரும். எஸ்எம்எஸ் வந்தாலும் டிக்கெட்டில் பதிந்த நம்பருக்குத்தான் வரும்.

சிங்காநல்லூர்ப் பக்கம் வேலை பார்த்த ஒரு குடும்பம் வேறோர் இடத்தில் டிக்கெட் எடுத்திருந்தது. தீபாவளிக் கூட்டம். மூட்டை முடிச்சு, கைக்குழந்தையோடு கோவை ஜங்ஷனில் காத்திருக்கிறார்கள். ரயில் போத்தனூரில் நின்று, இவர்களை விட்டுவிட்டு ஈரோட்டையும் தாண்டிவிட்டது. செய்தி வந்தது டிக்கெட் போட்டவருடைய போனுக்கு. பேங்க் விளம்பரங்களுக்கு நடுவே அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஊருக்குப் போக வேறு வழி கேட்டு எங்களிடம் வந்தார்கள். அந்தச் சமயத்தில் எந்த ரயிலில் இடம் இருக்கும்? பொதுப்பெட்டியில் நின்றுகொண்டே போனார்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஏறவேண்டிய ஸ்டேஷனை ரயில் தொடாவிட்டால் டிடிஆர் என்கிற பணம் திரும்பக் கேட்கும் மனு போட்டு முழுப்பணத்தையும் கேட்கலாம். ஆனால் ஆன்லைன் டிக்கெட் என்றால், எடுத்த கணக்கிலிருந்துதான் போட முடியும், அதற்குக் கெடுவும் உண்டு. போட்டவர் போனை எடுக்காவிட்டால் அந்தப் பணமும் போச்சு.

"அண்ணா, அவங்க நம்பரை அடிக்கடி மாத்துறாங்க, நம்ம நம்பர் போட்டா என்னங்க?" என்று ஒரு பையன் கேட்டான். மாற்றினால் மாற்றிய நம்பரைக் கேட்டு வாங்கு என்றேன். முதல்நாள் ராத்திரி, ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் என்டிஇஎஸ் ஆப்பில் பார்க்கவோ ரயில்வே உதவி எண் 139க்குக் கூப்பிடவோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பு. அஞ்சு நிமிஷ வேலை.

சொல்லாமல் திருப்பூரில் போய் ஏறுவது

போத்தனூர் எதற்கு, திருப்பூரிலேயே ஏறிக்கொள்கிறேன் என்பார்கள். ஏறலாம், ஆனால் ஏறும் இடத்தை முன்கூட்டியே மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் ஆள் வரவில்லை என்று டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) எழுதி, பெர்த் கிடைக்காமல் ஆர்ஏசியில் காத்திருக்கும் ஆளுக்கு அதைக் கொடுத்துவிடுவார். மாற்றியபின் பழைய ஸ்டேஷனில் ஏற உரிமை கிடையாது.

"கோவை" என்று மட்டும் எழுதிக்கொள்வது

ஜங்ஷனா, வடகோவையா, போத்தனூரா? கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பழைய லிங்க் பெட்டியை நம்புவது

லிங்க் பெட்டி என்றால் ஒரு ரயிலோடு வந்து, நடுவழியில் கழன்று வேறு ஊருக்குப் போகும் பெட்டி. ஒரு காலத்தில் கோவை–நாகர்கோவில் ரயிலின் தூத்துக்குடிப் பெட்டிகள் மணியாச்சியில் கழன்று போகும். தன்பாத் ரயிலின் டாடாநகர்ப் பெட்டிகள் ரூர்கேலாவில் பிரியும். அமிர்தா எக்ஸ்பிரஸும் நிலம்பூர் ராஜ்யராணி எக்ஸ்பிரஸும் ஷொரனூர் வரை ஒரே ரயிலாக வந்தன. எல்லாம் போய்விட்டது. ராஜ்யராணி 2019 மே மாதம் தனி ரயிலானது. அமிர்தா இப்போது பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாக ராமேஸ்வரம் வரை போகிறது. தூத்துக்குடிக்கு 2024 ஜூலையிலிருந்து மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டுப் பொள்ளாச்சி வழியாகப் போகும் ரயில் இருக்கிறது, ஆனால் தினசரி கிடையாது. தாத்தா காலத்து ஞாபகத்தில் யாராவது "அந்தப் பெட்டியில் போடுங்க" என்றால் நிறுத்தி விளக்குங்கள்.

இரண்டு டிக்கெட்டை இணைக்காமல் விடுவது

லிங்க் பெட்டி போனபிறகு மாறிப் போவதுதான் வழி. 2019 ஏப்ரல் முதல் இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்களையும் இணைக்கலாம். பயணிகள் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், முதல் டிக்கெட் முடியும் ஸ்டேஷனில் அடுத்த டிக்கெட் தொடங்க வேண்டும். முதல் ரயில் தாமதமாகி அடுத்ததை விட்டால், போகாத பகுதிக்குப் பிடித்தம் இல்லாமல் பணம் வரும். ஆனால் முதல் ரயில் வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். அதனால் இறங்கியதும் அந்தப் பிளாட்பாரத்திலிருந்தே உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.