கண் திறந்திருக்கிறார், பதில்தான் இல்லை: மூளைக் காயப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விபத்தில் தலையில் அடிபட்டு ஐசியூவில் கிடந்தவர் சில வாரங்களில் கண்ணைத் திறக்கிறார். தூங்குகிறார், விழிக்கிறார். ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவதில்லை. இதையும் நாம் ‘கோமா’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கண் திறந்துவிட்டால் அது கோமா அல்ல. விழித்திருந்தும் சுற்றம் அறியாத நிலையாக இருக்கலாம். உணர்வு மங்கலாக, விட்டுவிட்டு வந்துபோகும் நிலையாகவும் இருக்கலாம். இரண்டாவது நிலையில் இருப்பவர்கள் தேறி வரும் வாய்ப்பு கூடுதல். எது என்று சரியாகக் கண்டுபிடிக்காமல் ‘எல்லாருக்கும் செய்வதுதான்’ என்று கை காலை நீட்டி மடக்கிவிட்டுப் போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பெரிய தவறு, ஒரே தடவை பார்த்து முடிவு கட்டுவது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், உணர்வே இல்லை என்று மருத்துவக் குழு தீர்மானித்திருந்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு, முறையான அளவுகோலை வைத்துச் சோதித்தபோது உணர்வின் அடையாளங்கள் தெரிந்தன. அந்த அளவுகோலின் பெயர் ‘கோமா ரிகவரி ஸ்கேல் ரிவைஸ்டு’. கேட்பது, பார்ப்பது, அசைவது, வாய் அசைவும் குரலும், தொடர்புகொள்வது, விழிப்பு என்று ஆறு பகுதிகள், மொத்தம் 23 மதிப்பெண். கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவரும் பொறுமையும் போதும். ஆனாலும் ஒரு தடவை செய்தால் போதாது. இரண்டு வாரத்துக்குள் ஐந்து தடவையாவது, வெவ்வேறு நேரங்களில் பார்க்க வேண்டும். காலையில் குளிப்பாட்டி உட்காரவைத்த பிறகு தெளிவாகப் பார்க்கிறவர், வலிப்பு மாத்திரை கொடுத்த மதியத்தில் எதற்கும் அசையாமல் கிடப்பார். ரவுண்ட்ஸ் மதியம் என்றால் கேஸ் ஷீட்டில் ‘நோ ரெஸ்பான்ஸ்’ என்றுதான் ஏறும்.

அடுத்தது, கட்டிலில் இருப்பவர் யார் என்பதை மறந்துவிடுவது. எனக்கு மிகவும் வலிக்கிற தவறு இதுதான், ஏனென்றால் இதைச் சரிசெய்யக் காசு வேண்டாம். அவருடைய மூக்குக்கண்ணாடி வீட்டு அலமாரியில் இருக்கும். இங்கே ‘பொருளைப் பார்வையால் தொடரவில்லை’ என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். காதுக் கருவி போட்டிருந்தாரா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வாழ்நாள் முழுக்கத் தமிழ் மட்டுமே பேசிய பெரியவரிடம் வெளியூர் ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் ‘ஓப்பன் யுவர் மௌத்’ என்றால் என்ன புரியும்? ஆவணத்தில் உள்ள பெயரை விட வீட்டில் கூப்பிடும் பெயருக்கு முகம் சட்டென்று திரும்பலாம். அப்புறம், இடது பக்க மூளையில் அடி என்றால் சொல் புரிவதே போயிருக்கலாம். அவரிடம் வாயால் கட்டளை சொல்லிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சீப்பையோ டம்ளரையோ கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். பார்வையைச் சோதிக்க முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டுவது நல்லது. மற்ற எதையும் தொடராத கண்கள், மெல்ல நகரும் கண்ணாடியில் தன் முகத்தைத் தொடர்வது ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

‘என் விரலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான்’ என்று அம்மா சொல்வார். அது உணர்வோடு பிடித்ததாக இருக்கலாம். உள்ளங்கையில் எது பட்டாலும் மூடிக்கொள்ளும் அனிச்சையாகவும் இருக்கலாம். அதனால் ‘பிடி’ என்பதை விட ‘விடு’ என்று சொல்லிப் பார்ப்பது தெளிவு தரும். கை செயலிழந்தவரிடம் கட்டைவிரலைத் தூக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. ‘மேலே பார்’, ‘நாக்கை நீட்டு’ என்று அவரால் முடிகிற அசைவைத்தான் கேட்க வேண்டும். சொன்ன பிறகு பத்து விநாடி காத்திருங்கள். நாம் இரண்டு விநாடி பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்லிவிடுகிறோம். முதல் சொல்லுக்கான பதில் அப்போதுதான் கிளம்பியிருக்கும். என்ன சொன்னீர்கள், எத்தனை மணிக்கு, என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பிசியோவுக்கும் டாக்டருக்கும் அது பெரிய உதவி.

தூண்டுதல் நல்லது என்று கேள்விப்பட்டு நாள் முழுக்க டிவியை ஓடவிடுவதும், பத்துப் பேர் சுற்றி நின்று பேசுவதும் எதிர்மாறாகத்தான் போகும். தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டு, மும்பை கேஇஎம் மருத்துவமனையில் 1973 முதல் 2015 வரை நர்சுகள் பார்த்துக்கொண்ட அருணா ஷான்பாக் என்ற நர்சை நினைத்துக்கொள்ளுங்கள். 2011-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த மருத்துவ அறிக்கைகளில் அவருக்கு மீன் பிடிக்கும், அறையில் கூட்டம் குறைந்தால் அமைதியாவார், கழிவறைத் தேவை வந்தால் ஒரு சத்தம் எழுப்புவார், அது நர்சுகளுக்குப் புரியும் என்றெல்லாம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒருவரையே கவனித்ததில் வந்த அறிவு அது. வீட்டிலும் அப்படித்தான்: பிடித்த பாட்டு, பழகிய குரல், கொஞ்ச நேரம், பிறகு ஓய்வு.

கட்டிலருகே ‘இனி என்ன இருக்கு’ என்றும் சொத்து விவகாரமும் பேசாதீர்கள். 2024-இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், சொன்னதற்கு வெளிப்படையாக எந்தப் பதிலும் காட்டாத 241 பேரில் 60 பேர், சொன்ன வேலையை மனதுக்குள் செய்தது ஸ்கேனிலோ, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜியிலோ தெரிந்தது. நான்கில் ஒருவர்.

உடம்பு விஷயத்தில் சுருக்கமாக: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள், மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் பாசத்தில் ஒரு வாய் காபியோ கோயில் தீர்த்தமோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடலாம். நன்றாக இருந்தவர் திடீரென்று மந்தமானால் சிறுநீர்த் தொற்று, வெளியே தெரியாத வலிப்பு, மூளையில் நீர் சேர்வது, புது மாத்திரை இவற்றை டாக்டரிடம் கேட்க வேண்டும். ‘இவ்வளவுதான் போல’ என்று விட்டுவிடக் கூடாது.

மருந்தைப் பொறுத்தவரை, அமன்டடின் 184 பேரிடம் சோதிக்கப்பட்டு, அடிபட்ட 4 முதல் 16 வாரங்களுக்குள் கொடுத்தால் முன்னேற்றத்தை வேகப்படுத்துகிறது என்று 2012-இல் காட்டப்பட்டது. அதையும் அவருடைய வலிப்பு, சிறுநீரக நிலையைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பலன் தந்தது என்று வாங்கிக் கொடுப்பதில்லை.

இன்னொரு தவறு, மூன்று மாதத்தில் கணக்கை முடிப்பது. விழித்திருந்தும் சுற்றம் அறியாத நிலை நீடித்தால் முன்பு ‘நிரந்தரம்’ என்று சொல்லிவந்ததை, அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2018 வழிகாட்டல் ‘நாட்பட்டது’ என்று மாற்றச் சொன்னது. ஓராண்டுக்குப் பிறகும் சிலர் தேறுகிறார்கள் என்பதே காரணம். எல்லோரும் தேறுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலர் தேறுவதில்லை, தேறுகிறவர்களுக்கும் பெரிய குறைபாடு மிஞ்சலாம். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே அடுத்த மறுமதிப்பீடு எப்போது, யார் செய்வார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது அந்த நோட்டையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துப் போங்கள்.