மருத்துவச்சியா, டாக்டரா? தலைப்பிரசவக்காரர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஏழு மாதப் பெண் ஒருத்தி வந்தாள். "அக்கா, முடிவு பண்ணிட்டேன். டாக்டரே வேண்டாம், நீங்களே பாருங்க" என்றாள். "சரிம்மா, நடுராத்திரி வலியில உன்னை ஆஸ்பத்திரிக்கு மாத்த வேண்டி வந்தா எங்கே போவோம்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மருத்துவச்சியாக ஆவதற்கு முன்னால், என் முதல் பிள்ளையைச் சுமந்தபோது இந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இருந்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மாதாமாதம் பரிசோதனைக்குப் போங்கள், சத்து மாத்திரையை விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

யார் உசத்தி என்று பார்ப்பது

உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒற்றைக் குழந்தை, தலை கீழே, 37 வாரம் நிறைந்தது, வேறு நோய் இல்லை என்றால் பயிற்சி பெற்ற மருத்துவச்சியின் கையில் தாராளமாக இருக்கலாம். இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், இன்சுலின் போடும் சர்க்கரை, ஏற்கெனவே உள்ள ரத்தக்கொதிப்பு என்றால் தொடக்கத்திலிருந்தே டாக்டர் வேண்டும். அப்போதும் மருத்துவச்சி கூட இருக்கலாம்.

மருத்துவச்சியிடம் போனால் சிசேரியனே வராது என்று நம்பி வருகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து வெளியிடும் காக்ரேன் அமைப்பு, 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-ல் வெளியிட்ட தொகுப்பில், ஆரம்பம் முதல் கடைசிவரை மருத்துவச்சியின் கவனிப்பில் இருந்தவர்களுக்கு ஆயுதப் பிரசவமும் (இடுக்கியோ உறிஞ்சு கருவியோ வைத்துக் குழந்தையை எடுப்பது) குறைமாதப் பிரசவமும் குறைந்திருந்தன. சிசேரியனில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசாமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

என் தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் 6 செ.மீ. வரை திறந்து அங்கேயே நின்றுவிட்டது. நள்ளிரவிலிருந்து நாலு மணிவரை பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றார் என் மருத்துவச்சி. சரியான முடிவுதான். ஆனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல், யாரிடம் சொல்வது என்று நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. முன்வாசல் பூட்டியிருந்தது. வலியோடு கட்டடத்தைச் சுற்றி நடந்தேன். ஒன்பது மாதக் குறிப்பு நோட்டு மருத்துவச்சியின் மேசையிலேயே கிடந்தது. கடைசி மாதவிலக்கு எப்போது, என்ன மருந்து ஒத்துக்காது, என்ன ரத்த வகை என்று மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன்.

விடிந்ததும் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. சிக்கல் அதற்குப் பிறகு. நான் ஓ நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ். அப்படியானால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். விட்டால், அடுத்த குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் தாயின் உடம்பில் உருவாகிவிடலாம். மருத்துவச்சி போட்டுவிடுவார் என்று ஆஸ்பத்திரியில் நினைத்தார்கள், ஆஸ்பத்திரியில் போட்டிருப்பார்கள் என்று மருத்துவச்சி நினைத்தார். மூன்றாம் நாள் அவர் ஏதோ தோன்றி ஃபோன் செய்ததால் கெடு முடியச் சில மணி நேரம் இருக்கும்போது ஊசி விழுந்தது. என் இரண்டாவது மகள் அந்த ஃபோனால் பிழைத்தவள் என்றே நினைக்கிறேன்.

"நமக்கு அதெல்லாம் வராது" என்று சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் 2011-ல் வெளியான பெரிய ஆய்வில், வீட்டிலோ மருத்துவச்சி நடத்தும் பிரசவ மையத்திலோ பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களில் நூற்றுக்கு 36 முதல் 45 பேர்வரை பிரசவத்தின்போதோ, முடிந்த உடனேயோ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். ஏற்கெனவே பெற்றவர்களில் 9 முதல் 13 பேர்தான். தலைப்பிரசவக்காரர்களை மாற்றியதற்கு அதிகம் பதிவான காரணம், பிரசவம் மெதுவாக நகர்ந்ததுதான். ஆக, தலைப்பிரசவத்துக்கு மாற்றம் என்பது அபூர்வமான விபத்து இல்லை. அதையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: எந்த நிலை வந்தால் மாற்றுவீர்கள்? எந்த ஆஸ்பத்திரிக்கு? இரவில் எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களும் கூட வருவீர்களா? அங்குள்ள டாக்டர் என்னை முன்கூட்டியே ஒருதரம் பார்ப்பாரா? குறிப்பு நோட்டின் நகல் உங்கள் பையில் இருக்கட்டும். ரத்த வகையை முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் மருத்துவச்சியிடம் போகாதீர்கள்.

மூன்றாம் மாதத்தில் எடுத்த முடிவிலேயே நிற்பது

20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90 ஆகி, தலைவலியும் கண்ணில் மினுமினுப்பும் சேர்ந்தால், நீங்கள் முன்பு எடுத்த முடிவு அன்றோடு சரி. அன்றைக்கே டாக்டர். 24 முதல் 28 வாரத்துக்குள் பார்க்கும் சர்க்கரையும் அப்படித்தான், கணக்கை மாற்றும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் கீழ்ப்பக்கம் இருப்பதாக ஸ்கேனில் வந்தால் 32 வாரம் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். பலருக்கு அதற்குள் மேலே ஏறிவிடும். ஏறாமல் கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் சிசேரியன்தான், அதில் பேச்சே இல்லை.

டாக்டர் கூடவே இருப்பார் என்று நம்புவது

இருக்க மாட்டார். வலி நேரம் முழுக்கப் பக்கத்தில் இருக்கப்போவது யார் என்று கேட்டு வையுங்கள்.

மருத்துவச்சி பதிவு பெற்றவரா என்று கேட்கக் கூசுவது

கேளுங்கள். குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கை அடக்கும் ஆக்ஸிடோசின் ஊசி கையில் இருக்குமா என்றும் கேளுங்கள்.