அக்கி வந்தால் செய்யக் கூடாதவை

கொப்புளங்களைச் சொறியக் கூடாது, கிள்ளக் கூடாது என்பதை யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் பயிற்சிக் காலத்தில் நாங்கள் செய்த சில பிழைகளை, புதிதாகப் பணிக்கு வரும் இளம் மருத்துவர்களும், முதன்முறை அக்கி கண்ட நோயாளிகளும் அப்படியே திரும்பச் செய்வதைப் பார்த்துவருவதால் இதை எழுதுகிறேன்.

தானாக ஆறட்டும் என்று காத்திருப்பது

சின்னம்மை ஆறிய பிறகும் அதன் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்து, வயதாகும்போதோ நோய் எதிர்ப்பாற்றல் குறையும்போதோ நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி பெரும்பாலும் உடலின் ஒரே பக்கத்தில் பட்டையாகத் தோன்றுகிறது. கொப்புளம் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே அவ்விடத்தில் எரிச்சலும் குத்தலும் தொடங்கிவிடுகின்றன. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மருந்துகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே மிகுந்த பயன் தரும்.

அறுபதைக் கடந்த ஒருவர் இடது மார்பில் எரியும் வலியோடு ஓரிடத்தில் சிகிச்சைக்குப் போனார். ஈசிஜி சீராக இருந்ததால் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த இடத்தில் கொப்புளம் எழுந்தால் உடனே வர வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கொப்புளம் எழுந்தபோது அதை ஒவ்வாமை என்று எண்ணி, ஒரு வாரம் களிம்பு தடவிய பிறகே என்னிடம் வந்தார். தோல் ஆறியது, வலி ஆறவில்லை. ஓராண்டு கழிந்தும் சட்டை உரசுவதைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. உடனே மருந்து தொடங்கியிருந்தால் இந்த நரம்பு வலி வந்தே இருக்காது என்று உறுதி கூற முடியாது. ஆனால் கொப்புளங்கள் விரைவில் காய்ந்து, தொடக்கக் கால வலி குறைந்திருக்கக்கூடும். அந்த வாய்ப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பது இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது. 72 மணி நேரம் கடந்திருந்தாலும், புதிய கொப்புளங்கள் எழுந்துகொண்டிருந்தால் மருத்துவரைப் பார்ப்பதைக் கைவிட வேண்டாம்.

முகத்தில் வந்ததைத் தோல் நோயாக மட்டும் பார்ப்பது

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் எழுந்தால், பார்வைக்கே ஆபத்து நேரலாம் என்பதால், அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காதில் கொப்புளமும் முகவாதமும் சேர்ந்து வந்தாலும் அதே அவசரம்தான்.

வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவது

வேண்டாம்.

பிறருக்குத் தொற்றாது என்று நினைப்பது

ஒருவரின் அக்கி மற்றவருக்கு அக்கியாகப் பரவுவதில்லை. ஆனால் சின்னம்மையும் வராத, அதற்கான தடுப்பூசியும் போடாத ஒருவர்மீது கொப்புள நீர் பட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை மூடி வையுங்கள், கர்ப்பிணிகளிடமிருந்து விலகியிருங்கள்.

ஒருமுறை வந்துவிட்டதே என்று தடுப்பூசியைத் தவிர்ப்பது

அக்கி மீண்டும் வரலாம். 50 வயதைக் கடந்தவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியை 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணைகளாகப் போட வேண்டும். முதல் தவணைக்குப் பின் கை வலியும் காய்ச்சலும் ஓரிரு நாள் படுத்தியதால் இரண்டாவதை விட்டுவிடுபவர்கள் பலர். முழுமையான, நீடித்த பாதுகாப்புக்கு அந்த இரண்டாம் தவணை கட்டாயம் தேவை.