கூட்டம் நிறைந்த பூங்காவில் அமைதியான படம்

இப்படிப் படம் எடுக்க, சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம்தான் தோதானது. ஆள் குறைவு, ஒளி சாய்வாக விழும், குளத்து நீரும் பெரும்பாலும் அசையாது.

பூங்கா என்றதும் பலர் அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸை மாட்டுவார்கள். அங்கேதான் சிக்கல்: குப்பைத்தொட்டி, விளக்குக் கம்பம், பெஞ்சு எல்லாம் உள்ளே வந்துவிடும். ஜூமை (லென்ஸின் குவியத் தூரத்தை) 100 முதல் 200 மி.மீ. வரை வைத்து, ஒரு மரத்தையும் அதன் நிழலையும் மட்டும் வெட்டி எடுங்கள். வேலி தெரிகிறதா? முட்டி போட்டு உட்காருங்கள். முன்னால் இருக்கும் புல்லே அதை மறைத்துவிடும். வெளிறிய வானத்தைத் தயங்காமல் படத்துக்கு வெளியே விட்டுவிடலாம்.

நடப்பவர்களை மறைக்க, டிரைபாடில் கேமராவை வைத்து 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடி) போடுங்கள். 1/30 நொடி ஷட்டர் நேரம் ஏறக்குறைய 30 நொடியாக நீளும்; நடந்துகொண்டே இருப்பவர்கள் பதிவாக மாட்டார்கள். நின்று பேசுபவர்கள் மட்டும் ஆவிபோல் தெரிவார்கள். காற்றடித்தால் இலைகளும் குழம்பிவிடும். அப்போது ஃபில்டர் வேண்டாம். ஒளி அளவு தானாக மாறாத மேனுவலில், ஃபோகஸையும் மாற்றாமல், சில நொடி இடைவெளியில் 15 படங்கள் எடுத்து, மென்பொருளில் அடுக்கி 'மீடியன்' (ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் படங்களின் நடு மதிப்பை எடுப்பது) கொடுங்கள். ஒரே இடத்தில் பாதிக்கும் மேற்பட்ட படங்களில் உட்கார்ந்திருப்பவர் இதிலும் போகமாட்டார். அவர் எழும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பனிமூட்டத்தில் கேமரா படத்தைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள்.

ஷட்டரை அழுத்துமுன் படச் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பாருங்கள். பிளாஸ்டிக் பை ஒளிந்திருப்பது அங்கேதான்.